இங்கிலாந்தில் பக்கத்துத் தெரு பப்புக்குப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்குகிற நம் ஆட்களுக்கு வங்கிக் கணக்கு எப்படித் தொடங்குவது, வாடகைக்கு அறை எப்படிப் பிடிப்பது, பொன்னி அரிசியும் முருங்கைக்காயும் எந்தக் கடையில் கிடைக்கும் என்றெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பப்புக்குள் போனால் எப்படி நடந்துகொள்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் சொல்வது ஆபீஸ் கூட்டத்தோடு வெள்ளிக்கிழமை போகிற நகர மையத்துப் பப்பை அல்ல. அங்கே இருக்கிற நெரிசலில் நீங்கள் என்ன செய்தாலும் எவரும் கவனிக்கப் போவதில்லை. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, முனையில், சிங்கமோ கிரீடமோ வரைந்த பலகை தொங்குகிற பழைய கட்டடம் ஒன்று இருக்குமே, அந்தப் பப். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வருடக்கணக்கில் அதே மூலையில் உட்காருகிறவர்கள். சுவரில் எழுதி ஒட்டிய விதி ஒன்றிரண்டுதான், எழுதாத விதி ஏராளம், நீங்கள் ஒன்றை மீறினால் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவும் மாட்டார்கள். அடுத்த தடவை போகும்போது பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

முதல் விஷயம், போய் மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஆள் வருவார் என்று காத்திருக்காதீர்கள். வரமாட்டார். நீங்கள்தான் கவுண்டருக்குப் போய்க் கேட்க வேண்டும், அங்கேயே காசு கொடுக்க வேண்டும், கிளாஸையும் நீங்களே தூக்கிக்கொண்டு வர வேண்டும். நம் ஊர் ஹோட்டல் பாரில் பழகியவர்கள், யாராவது வந்து கேட்பார்கள், கடைசியில் மொத்தமாக பில் வரும் என்ற நினைப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அரைமணி நேரம் அப்படி உட்கார்ந்துவிட்டு, நம்மை மட்டும் கண்டுகொள்ளவில்லை, நிறம் பார்க்கிறார்கள் போல என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. பாவம், கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு இவர்கள் எதற்கு வந்தார்கள், எதற்குப் போனார்கள் என்றே தெரிந்திருக்காது. வெதர்ஸ்பூன் மாதிரிப் பெரிய சங்கிலிக் கடைகளில் போன் ஆப்பில் சொன்னால் மேஜைக்கே கொண்டுவருவார்கள், அது வேறு கதை.

கவுண்டரில் வரிசை இருக்காது. பஸ் நிறுத்தத்தில்கூட ஒருவர் பின் ஒருவராக நிற்கிற இந்த நாட்டுக்காரர்கள் பப் கவுண்டரில் மட்டும் அகலவாக்கில் பரவி நிற்பார்கள். ஆனால் யார் முதலில் வந்தார், யார் அடுத்து வந்தார் என்ற கணக்கு எல்லார் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும், ஊற்றிக் கொடுப்பவரும் ஓரக்கண்ணால் அதைக் குறித்துக்கொண்டே வருவார். நீங்கள் செய்ய வேண்டியது கவுண்டரில் இடம் கிடைத்த இடத்தில் நின்று, அவர் கண்ணில் படும்படி முகத்தை வைத்துக்கொள்வது. கை தட்டுவது, விரல் சொடுக்குவது, நோட்டை ஆட்டுவது, "பாஸ்", "ஹலோ" என்று கூப்பிடுவது எல்லாம் கூடவே கூடாது. கூப்பிட்டீர்கள் என்றால் உங்களைக் கடைசியில்தான் கவனிப்பார்கள், அதுவும் வேண்டுமென்றே. உங்களுக்கு முன்னால் ஒருவர் காத்திருக்க, தெரியாமல் உங்களிடம் முதலில் கேட்டுவிட்டால், "இல்லை, இவர்தான் முதலில்" என்று கையைக் காட்டிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் உங்களுக்குக் கிடைக்கிற மரியாதை பத்து பைண்ட் பீர் வாங்கிக் கொடுத்தாலும் கிடைக்காது. கொரோனாவுக்குப் பிறகு சில பப்களில் இளைஞர்கள் ரயில்வே டிக்கெட் கவுண்டர் மாதிரி ஒற்றை வரிசையில் நிற்க ஆரம்பித்திருக்கிறார்கள். பழைய ஆட்களுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

கவுண்டருக்குப் போகும் முன்பே யாருக்கு என்ன வேண்டும் என்று மேஜையில் கேட்டு முடித்துவிடுங்கள். உங்கள் முறை வந்த பிறகு திரும்பி நின்று "டேய் மச்சான், உனக்கு என்னடா?" என்று கத்துவது பின்னால் நிற்கிற பத்துப் பேருடைய நேரத்தைத் தின்கிற வேலை. மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அதில் கின்னஸ் என்ற கறுப்பு பீர் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் முக்கால்வாசி ஊற்றிவிட்டு நுரை அடங்கும் வரை வைத்திருந்து பிறகு நிரப்புவார்கள், இரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் மற்றவற்றை ஊற்றிவிடலாம். எல்லாம் ஊற்றி முடித்த பிறகு, "ஆங், ஒரு கின்னஸும்" என்று கடைசியில் சொல்கிற ஆளை ஊழியர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே! ப்ளீஸ் என்பதை வாக்கியத்துக்கு ஒரு தடவை போடுங்கள். நம் மொழியில் குரலிலேயே மரியாதை வந்துவிடும், கடைக்காரரிடம் "ஒரு டீ அண்ணே" என்றால் போதும். இங்கே அந்தச் சொல் வாயில் வந்தே ஆக வேண்டும். "ஆல்ரைட்?" என்று அவர் கேட்டால் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்ற விசாரணை இல்லை, என்ன வேண்டும் என்று கேட்கிறார். கவுண்டரில் இருக்கிற அம்மா உங்களை "லவ்" என்றோ "டார்லிங்" என்றோ, மத்திய இங்கிலாந்துப் பக்கம் என்றால் "டக்" என்றோ கூப்பிடுவார். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள், திருப்பி அப்படிக் கூப்பிடவும் வேண்டாம்.

அளவு விஷயத்தில் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். பீர் பைண்ட் கணக்கு, 568 மில்லி. அரை பைண்ட் கேட்கலாம், மூன்றில் ஒரு பங்கும் கேட்கலாம், 2011 முதல் மூன்றில் இரண்டு பங்கும் சட்டப்படி உண்டு. ஆண்பிள்ளை அரை பைண்ட் கேட்டால் கிண்டல் செய்வார்கள் என்பது பழைய காலத்துப் பயம், தாராளமாகக் கேளுங்கள். விஸ்கி, ஜின், ரம், வோட்கா நான்கும் 25 மில்லி அல்லது 35 மில்லி, எது என்று அந்தப் பப் முடிவு செய்து பலகையில் எழுதி வைத்திருக்கும். நம் ஊர் ஸ்மால் 30, லார்ஜ் 60. இங்கே டபுள் என்று கேட்டால் பெரும்பாலும் 50தான் வரும், அதையும் கருவியில் அளந்துதான் ஊற்றுவார்கள், "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்ற பேச்சுக்கே இடமில்லை. குவார்ட்டர் என்றால் யாருக்கும் புரியாது. புரிந்தாலும், 180 மில்லியை ஒருவருக்கே ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள். ஒயின் 125 அல்லது 175 மில்லி; பெரிய கிளாஸ் என்றால் 250, அது பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீருக்குக் காசு இல்லை. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லைசென்ஸ் நிபந்தனை. வெட்கப்படாமல் கேளுங்கள்.

கையால் இழுத்து ஊற்றுகிற நீளமான மரக்கைப்பிடி பம்புகளைப் பார்ப்பீர்கள். அதில் வருவது பீப்பாயிலேயே புளித்துப் பக்குவமாகிற ஏல் என்ற பீர் வகை. 11 முதல் 13 டிகிரி வரை நிலவறைக் குளிர்ச்சியில்தான் வரும், ஐஸ் மாதிரி சில்லென்று இருக்காது, நுரை பொங்காது. சூடாக இருக்கிறது, கேஸ் போய்விட்டது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். குடித்துப் பார்த்து வாங்கலாம்: "கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்றால் சின்ன கிளாஸில் ஒரு வாய் கொடுப்பார்கள். இரண்டு வகை பார்க்கலாம், மூன்று பார்க்கலாம், எல்லாப் பம்பையும் ருசி பார்த்துவிட்டுக் கடைசியில் கோக் வாங்கினால் அவ்வளவுதான். உண்மையிலேயே கெட்டுப்போய் வினிகர் வாடை அடித்தால் முதல் இரண்டு வாயிலேயே கொண்டுபோய்ச் சொல்லுங்கள், மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தருவார்கள். பாதியைக் குடித்துவிட்டுச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நுரை அதிகமாக இருந்தால், கொஞ்சம் நிரப்பித் தர முடியுமா என்று கேட்கலாம், அது சண்டை இல்லை, சாதாரண விஷயம்.

வெளியே பலகையில் "ஃப்ரீ ஹவுஸ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து இலவசம் என்று நினைக்க வேண்டாம். இங்கே பல பப்கள் ஒரு மதுத் தொழிற்சாலைக்கோ பப் கம்பெனிக்கோ கட்டுப்பட்டவை, பீரை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். அப்படிக் கட்டுப்படாமல் எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்கிற பப்தான் ஃப்ரீ ஹவுஸ். நல்ல ஏல் கிடைக்க வாய்ப்பு அங்கே அதிகம்.

சரி, இப்போது ரவுண்டு. இதை மட்டும் கவனமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் எழுந்து நான்கு பேருக்கும் வாங்கி வருவார். அது முடிகிற நேரத்தில் அடுத்தவர் எழுவார். இப்படி ஆளுக்கு ஒரு தடவை வரும். இதில் நம் ஆட்கள் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஒன்று, கூப்பிட்டவன்தான் செலவு செய்வான் என்ற நம் ஊர்க் கணக்கு. "வாங்க போகலாம்" என்று வெள்ளைக்காரர் கூப்பிட்டார், அவரே வாங்கித் தருவார் என்று மூன்று ரவுண்டு குடித்துவிட்டு, "தேங்க்ஸ்" சொல்லிவிட்டுக் கிளம்பிப் போவது. கூப்பிட்டவர் சிரித்துக்கொண்டே கை கொடுப்பார். ஆனால் அந்தப் பெயர் போகாது. இங்கே ஒருவன் முட்டாள், சோம்பேறி, பொய்க்காரன் என்றால்கூட மன்னித்துவிடுவார்கள், தன் ரவுண்டை வாங்காதவன் என்று பெயர் எடுத்தால் மீள்வது கஷ்டம். இன்னொன்று அதற்கு நேர் எதிர்: நம் பெருந்தன்மை. "நீங்க உட்காருங்க, எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று ஒவ்வொரு தடவையும் நாமே எழுவது, அடுத்தவர் கார்டை எடுத்தால் கையைப் பிடித்துத் தள்ளுவது. நம் வீட்டுக் கல்யாணத்தில் அது அழகு. இங்கே அவருடைய முறையை நீங்கள் பறிக்கிறீர்கள், அவரைக் கடன்காரர் ஆக்குகிறீர்கள். அவர் வாங்கித் தருவதை வாங்கிக் குடிப்பதும் மரியாதைதான்.

கடைசி ஆள் வரை காத்திருக்காமல் முதலிலோ இரண்டாவதாகவோ எழுந்து வாங்கிவிடுங்கள் என்பது என் யோசனை. புதியவர் முதலில் வாங்கினால் கூட்டம் சட்டென்று இளகிவிடும், பிறகு எப்போது கிளம்ப வேண்டுமானாலும் உங்கள் கணக்கு சுத்தம். லண்டனில் இப்போது ஒரு பைண்ட் ஆறு ஏழு பவுண்டு ஆகிறது, ஐந்து பேர் ரவுண்டு என்றால் முப்பது பவுண்டுக்கு மேல் போய்விடும். மாணவராக இருந்து கட்டுப்படியாகாது என்றால் ஆரம்பத்திலேயே "நான் ஒன்றோடு கிளம்புகிறேன், எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடலாம், ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பத்துப் பேர் கூட்டத்தில் பத்து ரவுண்டு யாராலும் முடியாது, அப்போது மூன்று நான்கு பேராகப் பிரிந்துகொள்வார்கள், நீங்கள் எந்தப் பிரிவில் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், மற்றவர்கள் சாதாரண லாகர் பீர் குடிக்கும்போது அடுத்தவர் ரவுண்டில் பதினெட்டு வருட மால்ட் விஸ்கி டபுள் கேட்காதீர்கள். உங்கள் கிளாஸ் பாதி இருக்கும்போதே அடுத்தது வந்துவிட்டால் பதறிக் கவிழ்த்துக் குடிக்க வேண்டியதும் இல்லை, "இந்தத் தடவை எனக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். ஆனால் ஒரு ரவுண்டில் குடிக்கவில்லை என்பதற்காக உங்கள் முறை தள்ளுபடி ஆகாது.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஊறிப்போனது என்றால், முதல் உலகப் போரில் அரசாங்கமே அதைத் தடைசெய்து பார்த்தது. ஆயுதத் தொழிற்சாலை ஆட்கள் ரவுண்டு ரவுண்டாகக் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போகிறார்கள் என்று 1915-இல் ஓர் உத்தரவு: பப்பில் ஒருவர் இன்னொருவருக்கு வாங்கிக் கொடுப்பது குற்றம். சவுத்தாம்ப்டனில் ஒருவர் தன் மனைவிக்கு வாங்கிக் கொடுத்ததற்கே அபராதம் கட்டினார். போர் முடிந்ததும் உத்தரவு போயிற்று, ரவுண்டு அப்படியே இருக்கிறது.

குடிக்காதவர்கள் பப்புக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம், போகவும் வேண்டும், இந்த ஊரில் அக்கம்பக்கத்து மனிதர்களைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. லைம் அண்ட் சோடா கேளுங்கள், நம் எலுமிச்சை சோடாவுக்குத் தூரத்துச் சொந்தம், விலையும் ஒன்றிரண்டு பவுண்டுதான். ஆல்கஹால் இல்லாத பீர் இப்போது பெரும்பாலான பப்களில் உண்டு, காபி கேட்டால்கூடப் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும். ஏன் குடிப்பதில்லை என்று காரணம் விளக்கத் தேவையில்லை, விரதம், மாத்திரை என்று கதை கட்டவும் வேண்டாம், "எனக்கு சோடா போதும்" என்றால் முடிந்தது. "ஒரே ஒரு வாய் போடுங்க பாஸ்" என்று வற்புறுத்துகிற ஆள் அந்த மேஜையில் இருந்தால் அது பெரும்பாலும் நம் ஆளாகத்தான் இருப்பார். ஆனால் ஒன்று, ரவுண்டில் சேர்ந்தால் சோடா குடிக்கிறவரும் தன் முறைக்கு மற்றவர்களின் பீரை வாங்க வேண்டும். நஷ்டம்தான். அதனால் புரிந்தவர்கள் குடிக்காதவரின் முறையை நைசாகத் தாண்டிப் போவார்கள். அது அவர்கள் செய்ய வேண்டியது, நீங்கள் எதிர்பார்க்கக் கூடாது. எழுந்து "என் முறை" என்று ஒரு தடவையாவது கேட்டுவிடுங்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க. கவுண்டருக்குப் பின்னால் பாக்கெட்டில் தொங்குகிற, பார்க்க நம் வத்தல் மாதிரி இருக்கிற போர்க் ஸ்க்ராட்சிங்ஸ் என்பது பன்றித்தோல் வறுவல். சிப்ஸ் பாக்கெட்டிலும் சுவையைப் படித்துவிட்டு வாங்குங்கள். உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ பொரிக்கிற சமையலறைகள் இன்னும் இருக்கின்றன, வட இங்கிலாந்தில் அதிகம். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். இதைவிட ஆச்சரியம் ஏல். பீப்பாயில் கலங்கலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். கின்னஸ் அதை 2010-களின் பிற்பகுதியில் விட்டுவிட்டது, பல சிறு தொழிற்சாலைகளும் விட்டுவிட்டன. உங்களுக்கு அது முக்கியம் என்றால் வீகன் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டையும் கவுண்டரில்தான் சொல்ல வேண்டும், மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு போங்கள். சமையலறை பப் மூடும் வரை ஓடாது. மதியம் இரண்டரைக்கு மூடி மாலை திறப்பார்கள், ராத்திரி ஒன்பதுக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஒன்பதரைக்குப் போய் சைடு டிஷ் என்ன இருக்கு என்று கேட்டால் சிப்ஸ் பாக்கெட்தான். நம்மைப் போல ஒவ்வொரு வாய்க்கும் தொட்டுக்க ஏதாவது வேண்டும் என்ற பழக்கம் இங்கே கிடையாது, பலர் வெறும் பீரோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்கள். சிப்ஸ் வாங்கினால் பாக்கெட்டின் பக்கவாட்டையும் கிழித்து, தட்டு மாதிரி விரித்து மேஜை நடுவில் வையுங்கள், எல்லாருக்கும் அது பொது. வீட்டிலிருந்து மிக்சர் பொட்டலம், மிளகாய் பஜ்ஜி எல்லாம் கொண்டுபோகாதீர்கள். சமையலறையே இல்லாத பப்பாக இருந்தால், வெளியே வாங்கிய சாப்பாட்டைச் சாப்பிடலாமா என்று கேளுங்கள், சில இடங்களில் தட்டே கொடுப்பார்கள். ஞாயிறு மதியம் ரோஸ்ட் என்கிற சுட்ட இறைச்சிச் சாப்பாட்டுக்குக் கூட்டம் அதிகம், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

கவுண்டரில் டிப்ஸ் வைக்கிற பழக்கம் இல்லை. அடிக்கடி போகிற இடத்தில், காசு கொடுக்கும்போது "அண்ட் ஒன் ஃபார் யுவர்செல்ஃப்" என்று சொல்லலாம். அவர் அரை பைண்ட் விலையோ ஒரு பவுண்டோ சேர்த்து எடுத்துக்கொள்வார், வேலை முடிந்து குடிப்பார், அல்லது நன்றி சொல்லி மறுத்துவிடுவார். எப்போதாவது செய்தால் போதும். கிளம்பும்போது காலி கிளாஸைக் கவுண்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு "சீயர்ஸ்" சொல்லிவிட்டுப் போவது கட்டாயம் இல்லை. செய்து பாருங்கள், அடுத்த தடவை உங்கள் முகம் அவருக்கு நினைவிருக்கும்.

இடம் பிடிப்பதில் ஒரு நுணுக்கம். கவுண்டரின் ஓரத்தில் இருக்கிற உயர ஸ்டூல் காலியாக இருந்தால், அது காலி இல்லை. யாரோ ஒரு பெரியவர் ஆறு மணிக்கு வந்து அதில் உட்கார்வார். நீங்கள் உட்கார்ந்திருந்தால் எழச் சொல்ல மாட்டார், பக்கத்தில் நின்று மூச்சுவிடுவார். கவுண்டரில் வாங்கியதும் நகர்ந்துவிடுங்கள், ஊழியர்கள் உள்ளே வெளியே போகிற மடக்குக் கதவுப் பக்கம் நிற்கவே நிற்காதீர்கள். டார்ட்ஸ் எறிகிறவருக்கும் பலகைக்கும் நடுவே குறுக்கே போகக் கூடாது, அவர் எறிகிற நேரத்தில் பேச்சும் கொடுக்கக் கூடாது. பூல் மேஜையில் விளையாட வேண்டும் என்றால் விளிம்பில் ஒரு நாணயத்தை வையுங்கள், அதுதான் முன்பதிவு. பல இடங்களில் ஜெயித்தவர் மேஜையிலேயே நிற்பார், அடுத்த நாணயக்காரர் அவரோடு ஆட வேண்டும்; அங்கே எது வழக்கம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாய்கள் வரும், மேஜைக்கு அடியில் படுத்திருக்கும், பயம் என்றால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நாயை வெளியே கொண்டுபோகச் சொல்வது நடக்காத காரியம். குழந்தைகளையும் கூட்டிப் போகலாம், ஆனால் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு மேல் பல பப்களில் அனுமதி இல்லை. மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். 25-க்குக் கீழே தெரிந்தாலே அடையாள அட்டை கேட்பார்கள், முப்பது வயதுக்காரரையும் கேட்பார்கள், சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இங்கே ஒரு பழகுநர் உரிமம் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பேச்சு. கவுண்டரில் நிற்பவரிடம் பேசலாம், அதற்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார். மேஜையில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் உட்காரக் கூடாது, கூப்பிட்டால் போகலாம். மழை, கால்பந்து, அந்த ஏல் எப்படி இருக்கிறது, இதில் ஆரம்பியுங்கள். சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா வாடகையா, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, இதெல்லாம் நமக்கு அக்கறை, அவர்களுக்குக் குறுக்கு விசாரணை. பெயரைக்கூட முதல் நாளே கேட்க மாட்டார்கள், மாதக்கணக்கில் பேசிவிட்டு ஒருநாள் "என் பேரைச் சொல்ல மறந்துட்டேன்" என்று சொல்வார்கள். உங்களைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தால், அதாவது உங்கள் கிரிக்கெட் டீமை, நீங்கள் போட்டிருக்கிற மூன்று ஸ்வெட்டரை, அது நல்ல அறிகுறி, சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நிறத்தையோ மதத்தையோ தொட்டால் அது கிண்டல் இல்லை, நேராக பப் நடத்துகிறவரிடம் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு அவர்தான் எசமானர், எந்தக் காரணமும் சொல்லாமல் யாரையும் வெளியேற்றுகிற உரிமை அவருக்கு உண்டு. ஆனால் இனம், மதம், பால் பார்த்து மறுக்க மட்டும் உரிமை இல்லை, 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் அதைத் தடுக்கிறது.

அது சும்மா வந்ததும் இல்லை. 1964-இல் பிரிஸ்டல் நகரத்து பே ஹார்ஸ் பப்பில் பால் ஸ்டீபன்சன் என்ற கறுப்பினப் போராளிக்கு ஊற்றித் தர மறுத்தார்கள். ஊற்றும் வரை போக மாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட, போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. வழக்கில் அவர் ஜெயித்தார், மறு வருடமே முதல் இன உறவுச் சட்டம் வந்தது. பர்மிங்காம் பக்கம் ஸ்மெதிக், வெஸ்ட் பிராம்விச் ஊர்களில் வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபிகளுக்கும் இதே கதிதான், பிற்பாடு அவர்களே பப்களை வாங்கி நடத்த ஆரம்பித்தார்கள். இன்று தேசி பப் என்று தனி வகையே இருக்கிறது: ஒரு பக்கம் ஏல் பம்பு, இன்னொரு பக்கம் இரும்புத் தட்டில் புகைந்துகொண்டு வருகிற மிக்ஸ்டு கிரில் என்ற சுட்ட இறைச்சி வகைகள். சைடு டிஷ் இல்லாமல் குடிக்க முடியாதவர்கள் அங்கே போங்கள். பெண்களுக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு உண்டு. லண்டன் ஃப்ளீட் தெருவில் எல் வினோ என்ற ஒயின் பாரில் பெண்கள் கவுண்டரில் நின்று வாங்கக் கூடாது என்ற விதியை 1982-இல் இரண்டு பெண்கள் வழக்குப் போட்டுத்தான் உடைத்தார்கள். இப்போது பெண்கள் தனியாகப் போய் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு புத்தகம் படிக்கலாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் வீட்டுப் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட வருகிற ஆண்கள் அவர்களுக்காகவும் சேர்த்துத் தாங்களே பதில் சொல்வதை நிறுத்த வேண்டும்.

பழக வேண்டும் என்றால் வினாடி வினா நடக்கிற ராத்திரி போங்கள். வாரத்தில் ஒருநாள் இருக்கும், ஆளுக்கு ஒன்றிரண்டு பவுண்டு, நான்கைந்து பேர் ஓர் அணி. அங்கே போனைத் தொடவே கூடாது, மேஜைமேல்கூட வைக்காதீர்கள், மனைவிக்குப் பதில் அனுப்பினாலும் கூகுளில் தேடுவதாகத்தான் பார்ப்பார்கள். விடை தவறு என்று உங்களுக்கு நூறு சதவீதம் தெரிந்தாலும் கேள்வி கேட்பவர் சொன்னதே முடிவு. ஆள் குறைகிற அணிகள் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும். எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுக் கேள்விகளில் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, நாட்டுத் தலைநகரங்களும் கிரிக்கெட்டும் வந்தால் நாம்தான் ராஜா.

மூடுகிற நேரம் பப்புக்கு பப் மாறும், 2005-இல் சட்டம் தளர்ந்ததிலிருந்து அப்படித்தான். ஆனாலும் தெருமுனைப் பப்கள் பெரும்பாலும் 11 மணி, ஞாயிறு பத்தரை என்ற பழைய வழக்கத்தையே வைத்திருக்கின்றன. மணி அடித்து "லாஸ்ட் ஆர்டர்ஸ்" என்பார்கள், வேண்டியதை அப்போதே வாங்கிவிடுங்கள். இரண்டாவது மணி அடித்தால் கவுண்டர் மூடியாயிற்று, அதற்குப் பிறகு கெஞ்சக் கூடாது. பதினைந்து இருபது நிமிடம் குடித்து முடிக்கக் கொடுப்பார்கள், பிறகு விளக்கு பளிச்சென்று எரியும், ஸ்டூல்கள் மேஜைமேல் ஏறும். தடுமாறுகிற நிலையில் இருந்தால் மணிக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். போதையில் இருப்பவருக்கு ஊற்றுவது அவர்களுக்குக் குற்றம். பப்புக்குள் போதையில் இருப்பதே குற்றம் என்கிற 1872-ஆம் ஆண்டுச் சட்டமும் இன்னும் ஏட்டில் இருக்கிறது, நம்பினால் நம்புங்கள். சண்டை போட்டால் உள்ளே விடமாட்டார்கள், பல ஊர்களில் பப்கள் சேர்ந்து பட்டியல் வைத்திருப்பதால் ஒரு பப்பில் தடை என்றால் ஊரில் எல்லாப் பப்பிலும் தடை ஆகலாம்.

சிகரெட் 2007 ஜூலை முதல் வெளியேதான், வாசலில் அடைத்துக்கொண்டு நிற்காமல் அதற்கென்று இருக்கிற இடத்துக்குப் போங்கள். கிளாஸோடு தெருவுக்குப் போக எல்லா இடத்திலும் விடமாட்டார்கள், பிளாஸ்டிக் கிளாஸ் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்து வீடுகளில் தூங்குகிறார்கள், போகும்போது சத்தம் வேண்டாம் என்று கதவில் எழுதியிருக்கும். சுவரில் எழுதிய ஒன்றிரண்டு விதிகளில் அது ஒன்று, பப்பின் லைசென்ஸே அதில் தொங்குகிறது. காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கிலாந்தில் ஓட்டுகிறவருக்கு வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால், ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50. ஒரு பைண்ட் குடித்தால் எவ்வளவு ஏறும் என்று போனில் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கடைசி பஸ் போய்விடும்.